மின்சாரம் திரும்பி வரும் நொடி

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்தில் இருக்கும் வெருலத்தில் கோயில் பூஜை முடிந்து சாப்பிட உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஓர் ஆயா கேட்டார்: "தம்பி, கரும்பு ஆலையில மெஷினுக்குப் புரோகிராம் எழுதுறது நீதானாமே? என் பேரனும் அதைத்தான் படிக்கிறான். இப்ப கம்ப்யூட்டரே எல்லாத்தையும் எழுதிடுதாம். அவனுக்கு வேலை கிடைக்குமா?" சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அவருக்குச் சரியான பதில் சொல்ல முடியவில்லை. இங்கே பேச அழைத்தபோது அந்தக் கேள்விதான் முதலில் நினைவுக்கு வந்தது.

ஆலையில் எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும் என்பதையெல்லாம் பி.எல்.சி. என்ற சிறிய கணினி பார்த்துக்கொள்கிறது. அதற்கு முன்னால் அலமாரி அலமாரியாக ரிலேக்கள், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள், இருந்தன. ஒரு சின்ன மாற்றம் வேண்டுமென்றாலும் கம்பிகளைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். 1968, 69 வாக்கில் அமெரிக்காவில் டிக் மார்லி என்ற பொறியாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலையின் தேவைக்காக முதல் பி.எல்.சி.களில் ஒன்றை உருவாக்கினார்கள். அந்தக் கருவிகளுக்கான புரோகிராம் பழைய ரிலே வரைபடம் போலவே ஏணி வடிவில் இருந்தது. ரிலே படம் பார்த்துப் பழகிய எலக்ட்ரீஷியன் புதிய கருவியையும் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது. இன்றைக்கும் அந்த ஏணிப் படத்தைத்தான் வரைகிறோம். புதிய கருவி வந்தபோது பழைய கைகளையும் சேர்த்து நினைத்தார்கள் என்பதால் எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

சரி, செயற்கை நுண்ணறிவுக்கு வருவோம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அடுத்த ஆண்டே சீமென்ஸ் நிறுவனம் மைக்ரோசாஃப்டுடன் சேர்ந்து, ஆலை இயந்திரங்களுக்கு நிரல், அதாவது புரோகிராம், எழுத உதவும் கருவியை அறிவித்தது. நானும் ஆர்வத்தோடு ஒரு கருவியை எடுத்துப் பார்த்தேன்.

2023, லோட் ஷெட்டிங் என்ற முறை வைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடம். ஆலைக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியைக் கரும்புச் சக்கையை எரித்து நாங்களே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் ஒரு பழைய சக்கைக் கன்வேயர் மட்டும் வெளி மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் புதிதாக நிரல் எழுத வேண்டும். வேண்டியதைச் சொன்னேன், சில நொடிகளில் எழுதித் தந்துவிட்டது. அழகான எழுத்து, ஒவ்வொரு வரிக்கும் விளக்கம். நான் எழுதியிருந்தால் அரை நாள் ஆகியிருக்கும்.

எங்கள் பட்டறை மேஜையில் மோட்டாருக்குப் பதிலாக ஒரு விளக்கை வைத்துச் சோதிப்போம். ஸ்டார்ட் அழுத்தினேன், விளக்கு எரிந்தது. ஸ்டாப் அழுத்தினேன், அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் கொடுத்து, விளக்கு எரியும்போதே மின்சாரத்தை நிறுத்தினேன். அப்புறம் திரும்பக் கொடுத்தேன். யாரும் பட்டனைத் தொடவில்லை, விளக்கு தானாக எரிந்தது.

ரிலே காலத்தில் இப்படி நடக்காது. மின்சாரம் போனால் ரிலே தன் பிடியை விட்டுவிடும், மறுபடி ஓட வேண்டுமென்றால் ஒருவர் நடந்து போய் பட்டனை அழுத்தியாக வேண்டும். இந்த நிரலோ 'ஓடு' என்ற கட்டளையை, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் எழுதி வைத்திருந்தது.

லோட் ஷெட்டிங் நேரத்தில் கன்வேயர் நின்றிருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மின்சாரம் வராது என்று நம்பி, சிக்கிக்கொண்ட சக்கையை எடுக்க ஒருவர் கையை உள்ளே விடுவார். மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, தன் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும் என்பது விதி. அவசரத்தில் அதை மறப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிழையைச் சுட்டிக்காட்டியதும் அந்தக் கருவி மன்னிப்புக் கேட்டு, ஒரு நிமிடத்தில் திருத்தியும் கொடுத்துவிட்டது. ஆனால் நான் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் மின்சாரம் எப்படிப் போய் வருகிறது, அந்தக் கன்வேயர் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரிய வழியில்லை. ஆலை நிரல்களும் பெரும்பாலும் கம்பெனிகளின் அலமாரிக்குள்ளேயே கிடக்கின்றன. மற்ற கணினி மொழிகளை அது கற்ற அளவுக்கு இதைக் கற்க வாய்ப்பில்லை.

இதற்காக அதை ஒதுக்கிவிடச் சொல்லமாட்டேன். எழுதியவர் ஓய்வு பெற்றுப் போய், ஒரு குறிப்புகூட இல்லாமல் கிடந்த இருபது வருடப் பழைய நிரல் ஒன்று எங்களிடம் இருந்தது. எந்த வரி எதற்கு என்று அதில் பெரும்பகுதியை இந்தக் கருவி ஒரே மாலையில் எனக்கு விளக்கிவிட்டது. அதையும் சரிபார்த்துத்தான் ஏற்றுக்கொண்டேன். படிப்பதில் கெட்டிக்காரன் என்று தாராளமாகச் சொல்வேன். ஆனால் ஆலையின் நிரலை யாரும் பயன்படுத்தும் பொதுக் கருவிக்குள் அப்படியே கொட்டிவிடாதீர்கள். 2021 ஜூலையில், துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட் மீது நடந்த கணினித் தாக்குதலில் நம் டர்பன் துறைமுகத்தின் கன்டெய்னர் வேலையே முடங்கியதை மறந்திருக்கமாட்டீர்கள்.

என் சித்தப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் சர்க்கரைப் பாகு காய்ச்சியவர், ஆலையில் 'பேன் பாய்லர்' என்பார்கள். காற்றை உறிஞ்சி எடுத்த பெரிய கொப்பரையில், குறைந்த சூட்டிலேயே பாகு கொதிக்கும். அவர் ஒரு கம்பியால் கொஞ்சம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நல்ல படிகங்களுக்கு நடுவே பொடிப் பொடியாகப் புதுப் படிகம் தெரிந்தால், அதைக் கரைக்க உடனே தண்ணீர் விடுவார். கொப்பரையின் சூடும் அழுத்தமும் ஆலைக் கணினியில் வருடக் கணக்காகப் பதிவாகியிருக்கின்றன. இரவு 2 மணிக்கு அவர் ஏன் தண்ணீர் விட்டார் என்பது எங்கும் பதிவாகவில்லை. இப்போது எங்கள் ஆலையில் ஜூலு நண்பர்கள் பலர் அந்த வேலையைச் செய்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, 'ஏன் அப்படிச் செய்தீர்கள்?' என்று கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறோம். நாளைக்கு எந்தக் கருவிக்குக் கற்றுக்கொடுப்பதாக இருந்தாலும் இந்தக் குறிப்பேடு வேண்டும். சித்தப்பா இருக்கும்போதே இதைச் செய்யாமல் போனேனே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

1860 நவம்பர் 16-ம் தேதி, சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் நம் முன்னோர்களை டர்பனில் இறக்கியது, கரும்புத் தோட்ட வேலைக்காக. உடம்பின் வலுவைக் கணக்குப் பார்த்துத்தான் அன்று ஆள் எடுத்தார்கள். அந்த வழியில் வந்த பிள்ளை இன்று ஆலையின் மூளையைத் தொடப் படிக்கிறான். ஆயா, உங்கள் கேள்வி எனக்குச் சின்னக் கேள்வி இல்லை.

உங்கள் பேரன் கருவியைப் பயன்படுத்தட்டும், தடுக்காதீர்கள். அதோடு ஸ்டார்ட், ஸ்டாப் சர்க்யூட்டைத் தாளில் கையால் வரையவும் பழகட்டும். மின்சாரம் போனால் என்ன ஆகும், திரும்பினால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு கோட்டையும் தொட்டுச் சொல்லத் தெரிய வேண்டும். அந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லத் தெரிந்த பையனை எங்கள் பட்டறையில் இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஜனவரியில் அரைவை இருக்காது, இயந்திரங்களைக் கழற்றிப் போட்டுப் பழுது பார்ப்போம். அப்போது அவனை அனுப்பிவையுங்கள். அந்தச் சோதனை மேஜை அங்கேதான் இருக்கிறது. முதல் நாளே மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுக்கும் வேலையை அவன் கையில் தருகிறேன்.

வணக்கம்.