புது வெர்ஷன் இல்லையா, இல்ல யாருமே பாக்கலையா?

வணக்கம் மக்களே. இன்னைக்குப் பேசப்போறது லினக்ஸ் டிஸ்ட்ரோவுக்கு பேக்கேஜ் பண்றவங்களுக்கு, அதாவது ஒரு சாஃப்ட்வேரை டெபியன், ஃபெடோரா மாதிரி லினக்ஸ் வகையில இன்ஸ்டால் பண்ற மாதிரி கட்டித் தர்றவங்களுக்கு. மத்தவங்களும் இருங்க, ரொம்பக் கஷ்டமா எல்லாம் இருக்காது.

ஒரு பேக்கேஜைப் பாத்துக்கிறோம்னா, அதோட அப்ஸ்ட்ரீம்ல, அதாவது அந்த சாஃப்ட்வேரை எழுதுறவங்ககிட்ட, புது ரிலீஸ் வந்துச்சான்னு நமக்குத் தெரியணும். டெபியன்ல இதுக்கு வாட்ச் ஃபைல்னு ஒண்ணு இருக்கு. எந்தப் பக்கத்துல தேடணும், டார்பால் (கோடை எல்லாம் ஒண்ணாக் கட்டுன ஃபைல்) லிங்க் எப்படி இருக்கும்னு ஒரு ரெஜெக்ஸ் (தேடுறதுக்கான பேட்டர்ன்), அவ்வளவுதான் உள்ள. யூஸ்கேன்ங்கிற டூல் போய் அந்தப் பக்கத்தை எடுத்து, லிங்க்கை எல்லாம் சலிச்சு, பெரிய நம்பர் எதுன்னு சொல்லிரும்.

வில்லங்கம் எங்கன்னா, அந்தப் பக்கம் நம்மளோடது இல்ல. சைட்காரங்க எப்ப வேணா மாத்துவாங்க, நம்மகிட்ட கேக்கணும்னு ஒண்ணும் இல்லையே!

நிறைய ப்ராஜெக்ட் கோடு வச்சிருக்கிற சைட் கிட்ஹப், 2022ல அங்க நடந்ததைப் பாருங்க. ரிலீஸ் பக்கத்துல ஃபைல் லிங்க் எல்லாம் ஹெச்டிஎம்எல்லயே இருந்துச்சு. அதை, பக்கம் திறந்தப்புறம் தனியா வந்து ஒட்டிக்கிற மாதிரி மாத்திட்டாங்க. பிரௌசர்ல பாத்தா அதே பக்கம்தான். ஆனா யூஸ்கேன் ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் ஓட்டாது, அதுக்கு லிங்க்கே கண்ணுல படல. அந்தப் பக்கத்தை நம்பி எழுதுன வாட்ச் ஃபைல் எல்லாம் ஒண்ணாப் படுத்துருச்சு. அப்புறம் டேக்ஸ் பக்கத்துக்கும் (டேக்னா கோடுல ஒரு வெர்ஷனுக்குப் போடுற அடையாளம்) ஏபிஐக்கும் (ப்ரோக்ராம் நேராக் கேட்டுப் பதில் வாங்குற வழி) மாத்தி எழுத வேண்டியதாச்சு. ஏபிஐன்னா லாகின் இல்லாம ஒரு மணி நேரத்துக்கு 60 தடவைதான் கேக்கலாம், அது வேற.

ஆனா இது நல்ல உடைசல். எரர் வருது, நமக்குத் தெரியுது. எனக்குப் பயம் சத்தமே போடாம உடையுறதுதான். கிட்ஹப் மாதிரியே ப்ராஜெக்ட் வைக்கிற சைட்டா இருந்த கூகுள் கோடு ஞாபகம் இருக்கா? 2015 ஆகஸ்ட்ல ரீட் ஒன்லி ஆக்குனாங்க, 2016 ஜனவரியில மூடுனாங்க. அந்த இடைப்பட்ட மாசங்கள்ல பழைய டார்பால் அப்படியே கிடக்கும், ரெஜெக்ஸும் பொருந்தும், "எல்லாம் லேட்டஸ்ட்"னு பதில் வரும். ப்ராஜெக்ட் வேற எங்கயோ குடிபோய் நாலு ரிலீஸ் விட்டிருந்தாலும் அதே பதில்தான்.

அதனால என் பேக்கேஜ் ரொம்ப நாளா அமைதியா இருந்துச்சுன்னா எந்த டிஸ்ட்ரோல எந்த வெர்ஷன் இருக்குன்னு காட்டுற ரெப்பாலஜி சைட்ல ஒரு எட்டு பாத்துருவேன். ஆர்ச்லயோ ஃபெடோராலயோ நம்மளைவிடப் புதுசு இருந்தா, நம்ம வாட்ச் ஃபைல் தப்பான வாசல்ல நிக்குதுன்னு அர்த்தம்.

முடிஞ்சவரைக்கும் வெப் பக்கத்தைப் படிக்கிற வேலையையே விட்டுருங்க. வாட்ச் ஃபைலை கிட் மோடுல போட்டா, கோடு இருக்கிற கிட் ரெப்போகிட்டயே நேரா டேக் லிஸ்ட் கேக்கும், பக்க டிசைன் மாறுனா நமக்கென்ன? ஒண்ணே ஒண்ணு, ஆர்சி டேக்கை, அதாவது ஃபைனலுக்கு முன்னாடி விடுற சோதனை வெர்ஷனை, மறந்துராதீங்க. டெபியன் கணக்குல 2.0-rc1ங்கிறது 2.0ஐவிடப் பெருசு. நடுவுல ஹைஃபனுக்குப் பதிலா டில்டே (~) வர்ற மாதிரி, வெர்ஷன் நம்பரை மாத்தி எழுதுற மேங்கிள் ரூல் போட்டாத்தான் அது கீழ இறங்கும்.

சில பேர், "கிட்ஹப்பே டேக்ல இருந்து டார்பால் பண்ணித் தருதே, அதோட செக்சம்மை (ஃபைல் மாறலைன்னு பாக்குற கைரேகை) வச்சுக்கலாமே"ம்பாங்க. 2023 ஜனவரி 30ஆம் தேதி அந்த செக்சம் எல்லாம் மாறிப்போச்சு. உள்ள இருக்கிற கோடு அதேதான், கிட் அதை ஜிஸிப்பா சுருக்குற விதம் மாறினதுல பைட்டு மாறிருச்சு. பில்டு எல்லாம் உடைஞ்சு, கிட்ஹப்காரங்க அன்னைக்கே பழைய மாதிரி ஆக்கிட்டாங்க.

அப்போ அப்ஸ்ட்ரீம் கையெழுத்துப் போட்டு விடுற டார்பாலே மேலுன்னு தோணும். நானும் அந்தக் கட்சிதான், 2024ல எக்ஸ்ஸட்ங்கிற (xz) கம்ப்ரஷன் டூல்ல பேக்டோர், அதாவது திருட்டு வாசல், வச்ச விவகாரம் வர்ற வரைக்கும். அந்த பேக்டோரைக் கிளப்பிவிடுற எம்4 ஃபைல் (பில்டு பண்றப்ப ஓடுற ஸ்கிரிப்ட்) அந்த ரிலீஸ் டார்பால்ல மட்டும்தான் இருந்துச்சு, கிட்ல இல்ல. இப்ப டார்பால் எடுத்தாலும் அதே டேக்கோட ஒரு டிஃப் போட்டு, எங்கெங்க வித்தியாசம்னு பாத்துட்டுத்தான் அப்லோடு. ஆட்டோடூல்ஸ்ங்கிற பில்டு டூல் வச்ச ப்ராஜெக்ட்னா, டார்பால்ல தானா உருவான ஃபைல் நிறைய இருக்கும், அந்த டிஃப் படிக்கிறதுக்குள்ள கண்ணு பூத்துரும், அதை எப்படிச் சுருக்குறதுன்னு அடுத்த வீடியோல ஸ்கிரீன்ல போட்டே காட்டுறேன்.