விரையும் கண்ணும் வாக்கியத்தின் ஈறும்

அவைத் தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே,

ஒக்டோபர் வாசிப்பு மாதம் வந்தால், எத்தனை புத்தகம் வாசித்தாய் என்ற கேள்வியே நம் பாடசாலைகளில் முதலில் எழுகிறது. அந்தக் கேள்வி பிள்ளைகளை விரைவின் பக்கம் தள்ளுவதால், விரைந்து வாசிப்பதால் வரும் பயனையும் இழப்பையும் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

விரைவை நான் பழிக்க வரவில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை பத்து நூல்களை மேசையில் பரப்பி, தனக்கு வேண்டிய பகுதி எதில் இருக்கிறது என்று பொருளடக்கத்தையும் தலைப்புகளையும் மேலோட்டமாகப் பார்த்தே கண்டுபிடிப்பது பெரிய திறமை. அது கைவராதவர் முதல் நூலின் முன்னுரையிலேயே மாலைப் பொழுதைக் கழித்துவிடுவார். நாளிதழுக்கும், முன்பே படித்த பாடத்தை மீட்டுவதற்கும் வேகம் வேண்டும். நிறைய வாசித்துச் சொல்வளம் பெருக்கியவருக்கு அது தானாகவே வாய்க்கும்.

பயிற்சியால் வேகத்தைப் பலமடங்காக்கலாம் என்ற வாக்குறுதியே என்னை உறுத்துகிறது. 1959 இல் அமெரிக்காவில் எவலின் வுட் தொடங்கிய வகுப்புகள் அந்த நம்பிக்கையைப் பரப்பின. நம் கண் வரியின்மேல் வழுக்கிச் செல்வதில்லை. ஓரிடத்தில் ஏறத்தாழக் கால் விநாடி நின்று, தாவி, மறுபடி நிற்கிறது. இடையிடையே பின்னுக்கும் திரும்புகிறது. அந்தத் திரும்புதலை வீண் என்று கருதுவோர் உண்டு. ஆனால் வாசித்த சொற்களை உடனுக்குடன் மறைத்துப் பார்த்த ஓர் ஆய்வு, திரும்பிப் பார்க்க வழியில்லாதபோது விளக்கம் குறைவதை 2014 இல் காட்டியது. நிமிடத்துக்கு 250 சொல் வாசிப்பவர் 500, 750 என்று உயர்த்திக்கொண்டு அதே அளவு விளங்கிக்கொள்வது அரிது என்று வாசிப்பில் கண்ணசைவை ஆராய்ந்த உளவியலாளர் கீத் ரெய்னர் முதலானோரின் 2016 ஆம் ஆண்டு மீளாய்வு முடிவு கூறியது.

தமிழில் இந்த இடர் இன்னும் கூடுதல் என்பது என் துணிபு. நம் மொழியில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. உடன்பாடா எதிர்மறையா என்பதைப் பெரும்பாலும் சொல்லின் ஈறே சொல்கிறது. 'பொருந்துவது எது', 'பொருந்தாதது எது' ஆகிய இரண்டு வினாக்களும் 'பொருந்' என்றே தொடங்குகின்றன. சொல்லின் தலையைக் கண்டவுடன் தாவிவிடுகிற மாணவன், விடை தெரிந்திருந்தும் புள்ளியை இழக்கிறான்.

நம் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது, கண்ணகியின் கதையைப் பாடும் வழக்குரை என்ற ஏட்டுக் காவியத்தைப் படிப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஏட்டுச் சுவடியில் சொற்களுக்கு இடைவெளி இல்லை. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியும் இல்லை. வாய்விட்டு இசைத்துப் பார்த்தே சொல்லைப் பிரித்தறிய வேண்டியிருந்த காலத்தில், ஈற்றைத் தவறவிட்டு வாசிக்க எவராலும் முடிந்திராது. அச்சும் இடைவெளியும் வந்த பின்னரே நம் கண்ணுக்கு இந்த அவசரம் வாய்த்தது.

சில ஆண்டுகளுக்கு முன், கல்லடியிலுள்ள எங்கள் வளவை அம்மா என் தங்கைக்கு நன்கொடை உறுதியாக எழுத முற்பட்டபோது, உறுதியின் வரைவு என் கையில் தரப்பட்டது. மூன்று பக்கங்களை ஓரிரு நிமிடங்களில் முடித்தேன். அம்மா உயிரோடு இருக்கும்வரை வளவை அனுபவிக்கும் உரிமையைக் குறிக்கும் 'சீவிய உரித்து' என்ற சொற்கள் கண்ணில் பட்டதும், வேண்டியது இருக்கிறது என்று மனம் நிறைந்து, சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அம்மா தாளை வாங்கி, வரிக்கு வரி விரலை ஊன்றி, எழுத்துக் கூட்டி வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது, பின்னுக்குப் போயிற்று, மறுபடி அதே இடத்துக்கு வந்தது.

"சீவிய உரித்து உட்பட எண்டு கிடக்கு. உட்பட எண்டா அதையும் குடுத்திட்டன் எண்டுதானே மனே?"

அங்கே இருந்திருக்க வேண்டிய சொல் 'நீங்கலாக' என்பதாகும். அந்த வரியைத் திருத்திப் புதிய வரைவு எழுதுவித்து, முதலிலிருந்து கடைசிவரை என்னை உரக்க வாசிக்கச் செய்து கேட்ட பின்னரே அம்மா கையொப்பமிட்டார்.