வெயிலுக்கு விலையில்லை, வட்டிக்கு உண்டு

(காட்சி: ராமநாதபுரம் மாவட்டம், கமுதி வட்டாரச் சாலை. ஓரத்தில் சீமைக்கருவேலம், அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சூரியத் தகடுகள்.)

தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரி, ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கங்களிலிருந்து ரயிலில் பாராதீப் துறைமுகம் சென்று, அங்கிருந்து கப்பலில் வருகிறது. சுரங்கத்துக்கும் ரயிலுக்கும் கப்பலுக்கும் ஓயாமல் பணம் கட்டினால்தான் கொதிகலன் எரியும். ராமநாதபுரத்து வெயிலுக்கு யாருக்கும் எதுவும் கட்டவேண்டியதில்லை. ஆனால் தகடு, தாங்கி, மின்கம்பி என எல்லாச் செலவும் முதலிலேயே வந்துவிடுவதால், சூரிய மின்சாரத்தின் விலையைப் பெரும்பாலும் கடனின் வட்டியும் தகடு வாங்கிய ஆண்டின் சந்தையுமே தீர்மானிக்கின்றன.

(காட்சி: திரையில் இரண்டு விலைகள்.)

2016-இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் கமுதி சூரிய மின்நிலையத்தின் மின்சாரத்தை யூனிட் 7 ரூபாய் 1 காசுக்கு வாங்க, 25 ஆண்டு ஒப்பந்தம் போடப்பட்டது. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லா சூரிய மின்பூங்கா ஏலத்தில் அதே யூனிட் 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. முந்திக்கொண்டதற்கான விலை இது. நிலக்கரி விலை ஏறினாலும் கமுதியின் ஒப்பந்த விலை ஏறாது என்பது உண்மைதான். ஆனால் தகடு மலிந்தாலும் இது இறங்காது.

வேலைவாய்ப்பும் இப்படியே முன்னால் குவிகிறது. கமுதியில் சுமார் 8,500 பேர் உழைத்து எட்டே மாதங்களில் நிலையத்தை எழுப்பினார்கள். இன்று தகடுகளின் தூசியைத் துடைப்பதே இயந்திரங்கள்தாம். மழை பெய்தால் முண்டு மிளகாய், பொய்த்தால் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் என்று வாழும் பூமியில், நிலம் கைமாறும்போது உரிமையாளருக்குக் கிரயப் பணம் கிடைக்கும். அந்த நிலத்தில் களையெடுத்தும் விறகு வெட்டியும் கூலி பெற்றவருக்குப் பத்திரத்தில் இடமில்லை. பொருளாதாரக் கணக்குகளில் எளிதாக விட்டுப்போகும் பதிவு இதுதான்.

(காட்சி: மண்டபம் என்ற கடற்கரை ஊர், ஐஸ் கம்பெனி. உப்புக்கரைசல் தொட்டியிலிருந்து ஐஸ் பார்கள் மேலே எழுகின்றன.)

விசைப்படகு கடலுக்குப் போகுமுன் ஐஸ் ஏற்றியாகவேண்டும்; ஆனால் கம்ப்ரசர் இரவில் ஓடும்போது சூரியத் தகடுகள் உறங்குகின்றன. 2023-இல் திருத்தப்பட்ட மத்திய மின் விதிகள், தொழில் நுகர்வோருக்குப் பகலின் சூரிய நேரக் கட்டணம் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 விழுக்காடு குறைவாக இருக்கவேண்டும் என்கின்றன. அந்தச் சலுகை ஐஸ் கம்பெனியின் ரசீது வரை வந்து சேர்ந்தால், உரிமையாளர் நண்பகலிலேயே தொட்டியை நன்கு குளிரவைத்துக்கொள்வார். பேட்டரி வாங்காமலேயே பகல் வெயில் இரவுக்குச் சேமிப்பாகிவிடும்.