வீட்டு வாசலுக்கு வர வேண்டிய பயிற்சி

உதகை வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பந்தலூர்ப் பக்கத்திலிருந்தும் கோத்தகிரியின் உள் கிராமங்களிலிருந்தும், நான்கு வயதாகியும் பேச்சு வராத குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்குப் பேருந்து ஏறும் தாய்மார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுநர் ஹாரனை அழுத்தும் போதெல்லாம் அந்தக் குழந்தை இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறுகிறது. முன் இருக்கையிலிருந்து ஒருவர் திரும்பி, “பிள்ளையை இப்படியா வளர்ப்பது?” என்று கேட்கிறார். கீழே போய்ச் சேர்ந்தால் முக்கால் மணி நேரப் பயிற்சி, அதன்பின் அதே மலைப்பாதையில் திரும்பும் பயணம், தோட்டத்தில் ஒரு நாள் கூலி இழப்பு. நம் மாவட்டத்தில் சிறப்புக் கல்விப் பணியில் இருக்கும் எனக்கு நெடுநாளாக ஒரே கவலைதான்: குழந்தை இறங்கிப் போவதற்குப் பதிலாகப் பயிற்சி ஏன் மேலே வரக்கூடாது? பேச்சும் பிறரோடு பழகுவதும் வேறுபட்டிருக்கும் மூளை வளர்ச்சி நிலையான ஆட்டிசம் பற்றிய ஆராய்ச்சி இதற்குச் சாதகமான பதிலையே தந்திருக்கிறது என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில், அந்த முன் இருக்கைக்காரரின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். அதே கேள்வியை ஒரு காலத்தில் மருத்துவ உலகமே கேட்டது. 1943ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையின் வழியாக ஆட்டிசம் பரவலாக அறியப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு, தாயின் பாசக்குறைவே இதற்குக் காரணம் என்று பெரிய பெரிய நிபுணர்கள் எழுதினார்கள். அந்தப் பழியை எதிர்த்து நின்றவர்களில் முன்னணியில் இருந்தவர்கள் பெற்றோர்களே. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாந்து, இது மூளை வளர்ச்சி சார்ந்தது என்று 1964இல் ஒரு நூலே எழுதினார். இங்கிலாந்தில், ஆட்டிசம் உள்ள மகளின் தாயும் மனநல மருத்துவருமான லோர்னா விங், மற்றப் பெற்றோர்களுடன் சேர்ந்து 1962இல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1977இல் இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு பரம்பரைக் கூறுகளின் பங்கை வெளிப்படுத்திய பிறகு, தாயின் மீதான பழி அறிவியலில் நிற்க இடமில்லாமல் போயிற்று. ஆனால் நம் ஊர்களில் அது இன்னும் நிற்கிறது. தேயிலை பறிக்கப் போனதால் வந்தது, கைபேசியைக் கொடுத்ததால் வந்தது என்று தாயிடமே சொல்கிறார்கள். அம்மா, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் யாராக இருந்தாலும், உங்கள் வளர்ப்பினால் இது வரவில்லை. மறுபடியும் சொல்கிறேன், உங்கள் வளர்ப்பினால் இது வரவில்லை.

அடுத்து, சிகிச்சை என்ற பெயரில் விற்கப்படுபவை. இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் கூட்டம் எங்கே நடந்தாலும் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை. செக்ரெட்டின் என்பது நம் குடலில் இயல்பாகச் சுரக்கும் ஒரு ஹார்மோன். வயிற்றுக் கோளாறைக் கண்டறியும் பரிசோதனைக்காக அது ஊசி வழியாகச் செலுத்தப்பட்ட மூன்று ஆட்டிசக் குழந்தைகள் பேச்சிலும் பழக்கத்திலும் முன்னேறினார்கள் என்று 1998இல் ஒரு மருத்துவ அறிக்கை வந்தது. செய்தி தொலைக்காட்சியில் பரவியது. அமெரிக்காவில் பெற்றோர்கள் அந்த ஊசிக்காக அலைந்தார்கள். அப்போது சில ஆய்வாளர்கள் அறுபது குழந்தைகளைச் சேர்த்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் செக்ரெட்டினும் மறு பகுதியினருக்கு வெறும் உப்புநீரும் ஊசியாகப் போட்டார்கள். யாருக்கு எது போடப்பட்டது என்பது பெற்றோருக்கும் தெரியாது, குழந்தையை மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. 1999 டிசம்பரில் முடிவு வெளியானது. செக்ரெட்டின் போட்ட குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. உப்புநீர் போட்ட குழந்தைகளிடமும் அதே அளவு முன்னேற்றம் தெரிந்தது.

இதைக் கவனமாகக் கேளுங்கள். அந்தப் பெற்றோர்கள் பொய் சொல்லவில்லை. குழந்தை தானாகவே வளர்கிறது. நம்பிக்கை பிறந்த வீட்டில் குழந்தையிடம் எல்லாரும் கூடுதலாகப் பேசுகிறார்கள், கூடுதலாகக் கவனிக்கிறார்கள். முன்பு கண்ணில் படாத சிறு மாற்றமும் இப்போது படுகிறது. ஆகவேதான், ஒரு வீட்டில் பலித்தது என்பதை மட்டும் வைத்து ஒன்றை மருந்து என்று சொல்லிவிட முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத இன்னொரு குழு வேண்டும். அந்த ஆய்வின் முடிவைத் தெரிந்துகொண்ட பிறகும், நூற்றுக்கு அறுபத்தொன்பது பெற்றோர்கள் செக்ரெட்டினில் தங்களுக்கு இன்னும் ஆர்வம் இருப்பதாகவே கூறினார்கள். பெற்ற மனம் அப்படித்தான் தவிக்கும், அதில் குறை காண எனக்கு மனம் வராது. அந்தத் தவிப்பைக் காசாக்குகிறவர்கள்மீதுதான் எனக்குக் கோபம். மூல உயிரணுக்களை உடலில் செலுத்தும் ஸ்டெம் செல் ஊசிக்காக நகையை அடகு வைத்துச் சமவெளிக்குப் போய்வந்த குடும்பங்களை இந்த மலையிலேயே அறிவேன். ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே தெரிவித்துவிட்டது. மருந்து விஷயத்தில் உண்மை நிலை இதுதான்: கடுமையான எரிச்சலையும் தன்னைத்தானே அடித்துக்கொள்வதையும் குறைக்கச் சில மருந்துகள் உள்ளன; அவற்றை மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டும். ஆட்டிசத்தையே நீக்கும் மருந்து எதுவும் இன்று இல்லை.

அப்படியானால் எதற்குத்தான் சான்று இருக்கிறது? இங்கிலாந்தில் 152 சிறு குழந்தைகளை வைத்து ஒரு பயிற்சி ஆராயப்பட்டது. அதில் பயிற்சியாளர் குழந்தைக்கு நேரடியாக எதையும் கற்பிப்பதில்லை, பெற்றோருக்குத்தான் கற்பிக்கிறார். 2010இல் வந்த முதல் முடிவில் ஆட்டிசக் கூறுகள் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அதே குழந்தைகளைச் சுமார் ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற வீடுகளின் குழந்தைகளிடம் அக்கூறுகளின் கடுமை குறைவாக இருந்தது. இந்த முறையைத்தான் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். அங்கே பயிற்சி கொடுத்தவர்கள் நிபுணர்கள் அல்லர், முறையாகப் பயிற்றுவிக்கப்பட்ட சாதாரணக் களப்பணியாளர்கள். ஆறு மாதங்களில் பன்னிரண்டு அமர்வுகள், அவ்வளவுதான். பெற்றோர் குழந்தையின் போக்குக்கு இசைந்து பேசுவது கூடியது, குழந்தை தானாக முன்வந்து பேச்சையோ சைகையையோ தொடங்குவதும் கூடியது. இருவரும் ஒரே பொருளில் கவனம் செலுத்தும் நேரத்தில் மட்டும் முன்னேற்றம் வரவில்லை, குறைந்தே இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதியதால்தான் அந்த ஆய்வின்மேல் எனக்கு மதிப்பு.

அந்த முறை எப்படியிருக்கும் என்று கேட்பீர்கள். எங்கள் பகுதியில் ஒரு தோட்டக் குடியிருப்பில் அதைத் தழுவிச் செய்ததைச் சொல்கிறேன். அம்மாவும் மகனும் திண்ணையில் விளையாடுவதைக் கைபேசியில் சில நிமிடங்கள் படம் எடுத்தோம். அவன் பிளாஸ்டிக் மூடியைத் தரையில் சுழலவிட்டுக்கொண்டே இருந்தான், அம்மா “இது என்ன? இது என்ன கலர்? சொல்லு” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அந்தப் படத்தை அவரோடு அமர்ந்து பார்த்து, ஓரிடத்தில் நிறுத்தினோம். அம்மா மூச்சு வாங்கிக்கொள்ளப் பேச்சை நிறுத்திய அந்தக் கணத்தில், பையன் மூடியிலிருந்து கண்ணை எடுத்து ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்திருந்தான். அம்மா அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். அடுத்த வாரம் அவர் கேள்வி எதுவும் கேட்காமல், தாமும் ஒரு மூடியை எடுத்து, “சுத்துது” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அவன் தன் மூடியை அவர் கையில் கொண்டுவந்து வைத்தான்.

காத்திருக்கும் இந்தப் பழக்கம் எந்த மொழியிலும் கைகூடும். பணியர் வீட்டில் பணியர் மொழியில், படுகர் ஊரான ஹட்டியில் படுக மொழியில் பேச வேண்டும். வீட்டு மொழியை விட்டுவிட்டுப் பள்ளி மொழியில் மட்டும் பேசுங்கள் என்று சிலர் அறிவுரை சொல்கிறார்கள். இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் ஆட்டிசக் குழந்தையின் பேச்சு பின்தங்குவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பாட்டியின் மொழியைப் பறிக்காதீர்கள். அந்த மொழி தெரிந்த உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து ஊதியமும் கொடுங்கள் என்பதே அரசிடம் நாங்கள் வைக்கும் கோரிக்கை.

இன்னொரு குரலும் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பெரியவர்களே இன்று ஆராய்ச்சியாளர்களிடம் கேள்வி கேட்கிறார்கள். ஜிம் சின்க்ளேர் என்ற ஆட்டிசக்காரர் 1993லேயே பெற்றோர்களைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கப்படாதீர்கள் என்று எழுதினார். எங்களைக் கண்ணோடு கண் பார்க்க வைப்பதை வெற்றியாகக் கணக்கிடாதீர்கள், எங்கள் தூக்கமின்மையையும் வலியையும் பதற்றத்தையும் ஆராயுங்கள் என்று அவர்களில் பலர் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. அதைப் பற்றியும், வயதுவந்தோரின் வேலைவாய்ப்பைப் பற்றியும் நிறையச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது.

ஆகவே, உடனே தேவைப்படுவதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, ஒன்றரை வயதாகியும் வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாத குழந்தை, பேசிய சொற்களை இழந்துவிட்ட குழந்தை என யாரும் உங்கள் வீட்டில் இருந்தால், போகப் போகச் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். அங்கன்வாடிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அவர்கள் பரிந்துரைப்பார்கள். ஆட்டிசம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. சான்றிதழும் அடையாள அட்டையும் பெறுவது உங்கள் உரிமை. அங்கே போகும்போது, வீட்டில் எடுத்த கைபேசிப் படம் ஒன்றையும் உடன் கொண்டு போங்கள். புது இடத்தில் மிரண்டு நிற்கும் குழந்தையைவிட, அந்தப் படத்தில் இருக்கும் குழந்தையே மருத்துவருக்கு அதிகம் சொல்லும். நன்றி, வணக்கம்.