முதலில் கழிப்பதா, வகுப்பதா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்களுக்கு வணக்கம். சமன்பாடு என்றதும் வானொலியை அணைத்துவிடாதீர்கள். கையில் பேப்பர், பேனா இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சின்ன எண்களாகவே சொல்கிறேன்.

பாலக்கோட்டில் ஒருவர் 5 கிரேட், அதாவது 5 பெட்டி, தக்காளி வாங்குகிறார். வண்டி வாடகை 150 ரூபாய். வாடகையும் சேர்த்து மொத்தச் செலவு 1,650. ஒரு கிரேட் என்ன விலை? விலையை எக்ஸ் என்று வைத்தால், 5 எக்ஸ் கூட்டல் 150 சமம் 1,650.

வகுப்பில் கேட்டால், "முதல்ல 150-ஐக் கழிக்கணும் சார்" என்று எல்லாரும் சொல்வார்கள். சரிதான். 1,500 வரும், ஐந்தால் வகுத்தால் 300. முதலிலேயே ஐந்தால் வகுத்தால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "அப்படிச் செய்யக்கூடாது சார்" என்பார்கள். ஏன் கூடாது? தாராளமாகச் செய்யலாம். 150-ஐ வகுத்தால் 30, 1,650-ஐ வகுத்தால் 330. எக்ஸ் கூட்டல் 30 சமம் 330. அதே 300 ரூபாய்தான். வியாபாரி மனக்கணக்காகப் போடுவதும் இதைத்தான்: ஒரு கிரேட் எனக்கு 330 அடக்கம், அதில் வாடகை 30.

சறுக்குவது வேறு இடத்தில். 5 எக்ஸை வகுப்பார்கள், 1,650-ஐ வகுப்பார்கள், நடுவிலிருக்கும் 150-ஐ மறந்துவிடுவார்கள். விடை 180 என்று வரும். ஐந்து கிரேட்டுக்கான வாடகையும் ஒரே கிரேட்டின் தலையில் ஏறிவிட்டது!

ஆக, இரண்டு வழியுமே சரி. எது லேசு என்பதை எண்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 7 எக்ஸ் கூட்டல் 3 சமம் 38 என்றால் முதலில் வகுப்பது தப்பில்லை, ஆனால் பின்னத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். மூன்றைக் கழித்துவிட்டால் 35, எக்ஸ் 5, வேலை முடிந்தது. அடைப்புக்குறி வந்தால் இதற்கு நேர்மாறு. 3 பெருக்கல், அடைப்புக்குறிக்குள் எக்ஸ் கழித்தல் 4, சமம் 18. பார்த்ததுமே பிள்ளைகள் பெருக்கி விரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். 18 மூன்றால் வகுபடுகிறதே! எக்ஸ் கழித்தல் 4 சமம் 6, எக்ஸ் 10. அந்த 18 இருக்குமிடத்தில் 20 இருந்தால், சரி, விரித்துக்கொள்ளுங்கள்.

இரு பக்கமும் எக்ஸ் இருந்தால்? ஒருவரிடம் 7 பெட்டி மாம்பழமும் 200 ரூபாயும். இன்னொருவரிடம் 4 பெட்டியும் 1,400 ரூபாயும். இருவர் கையிருப்பின் மதிப்பும் சமம். ஒரு பெட்டி என்ன விலை? கி.பி. 499-இல் ஆரியபட்டர் எழுதிய ஆரியபட்டீயத்தில் இந்த மாதிரிக் கணக்குக்கு விதி இருக்கிறது: பணத்தின் வித்தியாசத்தைப் பொருள்களின் வித்தியாசத்தால் வகு. 1,200-ஐ 3-ஆல் வகுத்தால் பெட்டி 400 ரூபாய். பள்ளி முறையில் போடுகிறவர்கள் சிறியதான 4 எக்ஸை முதலில் கழியுங்கள். 7 எக்ஸைக் கழித்தால் மைனஸ் வந்து தொல்லை கொடுக்கும்.

'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்ற வாய்ப்பாடு எனக்குப் பிடிப்பதில்லை. 7 எக்ஸ் சமம் 35 என்றால், 7-ஐ அந்தப் பக்கம் தள்ளி, 35 கழித்தல் 7, விடை 28 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. இரு பக்கமும் என்ன செய்தோம் என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் இந்தத் தப்பு வராது.

ஒன்றே ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். 5 எக்ஸ் சமம் 3 எக்ஸ் என்று வந்தால் எக்ஸால் வகுக்காதீர்கள். 5 சமம் 3 என்று வரும், 'விடையே இல்லை' என்று எழுதிவிடுவீர்கள். 3 எக்ஸைக் கழித்துப் பாருங்கள்: 2 எக்ஸ் சமம் பூஜ்யம். எக்ஸ் பூஜ்யம்தான், பூஜ்யத்தால் வகுக்கக்கூடாது.

போகும் முன் ஒரு கணக்கு. ஒரு எண்ணின் பாதியும், அதே எண்ணின் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தால் 25. முதலில் ஆறால் பெருக்கிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.