தெரியாததை எந்த நிறத்தில் வரைவது?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

ஒரு பானைப் படத்திலிருந்து தொடங்குகிறேன். எங்கள் மாணவர் அணியில் ஆறு பேர். நாலு பேர் நுண்கலை படிக்கிறோம், இரண்டு பேர் கணினி. அருங்காட்சியகத்துக்கு வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் தொடுதிரையில் விளையாட ஒரு சின்ன விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறோம். அதன் முதல் பகுதி ஆனைக்கோட்டை அகழாய்வு. பிள்ளை திரையில் தூரிகையால் மண்ணை விலக்க விலக்க, கீழே இருக்கிற பொருள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். முதலில் வர வேண்டியது ஒரு கறுப்புச் சிவப்புப் பானை. அணியில் இருக்கிற தங்கச்சி ஒருத்தி ஒரே பின்னேரத்தில் வரைந்து கொண்டுவந்தாள். நல்ல சிவப்புப் பானை, வயிற்றைச் சுற்றிக் கறுப்புப் பட்டைகள். எங்கள் எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று. தொல்லியல் படித்த அண்ணா ஒருவரிடம் காட்டினோம். "வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் இது கோடு போட்ட பானை, கறுப்புச் சிவப்புப் பானை இல்லை" என்றார்.

பிறகு அவர் விளக்கினார். அந்தப் பானைக்கு யாரும் கறுப்பு வண்ணம் பூசவில்லை. சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடுவார்கள். வாய்ப்பக்கம் வைக்கோலுக்குள்ளோ சாம்பலுக்குள்ளோ புதைந்திருக்கும். காற்றுப் படாத உள்பக்கமும் வாய் விளிம்பும் கறுத்துப்போகும், காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவக்கும். அதனால் கறுப்பும் சிவப்பும் சந்திக்கிற இடத்தில் நேர்க்கோடு இருக்காது, புகை படிந்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கரையும். தங்கச்சி இதைக் கேட்டு முடித்த உடனேயே பழைய படத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள். இரண்டாவது பானையைப் பார்த்தால் நெருப்பு எந்தப் பக்கம் நின்றது என்று சொல்லலாம். இப்போது எங்கள் அணியில் யார் எதை வரையத் தொடங்கினாலும், இந்தப் பொருள் எப்படி உண்டானது என்று முதலில் கேட்கிறோம்.

ஆனைக்கோட்டையைப் பற்றிக் கேள்விப்படாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. யாழ்ப்பாண நகரத்திலிருந்து மானிப்பாய்ப் பக்கம் போகிற வழியில் இருக்கிற ஊர் அது. 1980இல் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு அங்கே ஆய்வு செய்தது. பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த ஓர் ஈமக்குழியில் ஒரு முத்திரை கிடைத்தது. மேல் வரிசையில் குறியீடுகள், கீழ் வரிசையில் பிராமி என்கிற பழைய எழுத்துகள். அதைக் 'கோவேத' என்று படித்திருக்கிறார்கள். காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று சொல்வார்கள்.

இந்த மூன்று எழுத்து எங்களை மூன்று நாள் வைத்துப் பார்த்தது. பிராமி எழுத்துகளில் சிக்கல் இல்லை, அவற்றைப் படமாகவே வரைந்துவிட்டோம். பிள்ளைகள் வாசிப்பதற்காகக் கீழே இன்றைய தமிழில் எழுதியபோதுதான் குழப்பம். விளையாட்டைச் செய்யப் பயன்படுத்துகிற மென்பொருள்கள் சிலவற்றுக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரியாது. கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும் என்பது அவற்றுக்கு விளங்காது. 'கோ'விலும் கொம்பு, 'வே'யிலும் கொம்பு. இரண்டு இரட்டைக்கொம்பும் இடம் மாறி, கால் ஒரு பக்கம் தனியே போய் நின்றது. இரண்டாயிரம் ஆண்டு தாண்டிய எழுத்து திரையில் ஒழுங்காக நிற்கிறது, நாங்கள் தினமும் எழுதுகிற எழுத்து உடைந்து கிடக்கிறது. எனக்கு உண்மையிலேயே மனம் நொந்தது. கடைசியில் எல்லாத் தமிழ் வரிகளையும் படமாகவே செய்து போட்டோம். ஒரு எழுத்துப் பிழை திருத்த வேண்டுமென்றாலும் அந்தப் படத்தை மறுபடி செய்ய வேண்டும். செய்தோம். ஒரு பிள்ளை தன் மொழியை உடைந்த எழுத்தில் பார்க்கக்கூடாது.

இரண்டாம் பகுதி யாழ்ப்பாணக் கோட்டையில் நடக்கிறது. போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, பிறகு ஐந்து மூலைக் கோட்டையாக மாற்றினார்கள். எங்களை ஈர்த்தது அதன் முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். சுவருக்குக் கிட்டப் போய் நின்று பாருங்கள், கடலுக்குள் அது வளர்ந்த வடிவம் கல்லில் அப்படியே இருக்கும். சுவர் முழுவதையும் வரைய முடியாது, சின்னச் சதுரங்களாக வரைந்து அடுக்க வேண்டும். நான்கு சதுரம் செய்து அடுக்கினோம். சுவர் சீலையில் அச்சடித்த பூ மாதிரி வந்தது, கண் உடனே கண்டுபிடித்துவிட்டது. சரி, அதே சதுரங்களைத் திருப்பித் திருப்பி வைப்போம் என்றோம். அப்போது நிழல் பிழைத்தது. ஒரு கல்லில் வெயில் மேலிருந்து விழுகிறது, பக்கத்துக் கல்லில் கீழிருந்து. பிறகு ஒன்பது சதுரம் தனித்தனியே வரைந்தோம், எல்லாவற்றிலும் வெயில் இடது மேல் மூலையிலிருந்து.

பாத்திரங்கள் நடக்கிற படங்களுக்குத்தான் ஆகக் கூடிய நேரம் போனது. ஐந்து பாத்திரங்கள், நான்கு திசை, ஒவ்வொரு திசைக்கும் எட்டுப் படம். மொத்தம் 160. வலது பக்கம் நடக்கிற படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பினால் இடது பக்கம் கிடைத்துவிடும், 120உடன் வேலை முடியும். எல்லாரும் செய்கிற வழி அது. எங்கள் விளையாட்டில் வழிகாட்டுகிறவர் ஒரு அம்மம்மா. அவரைத் திருப்பிய உடனே சீலைத் தலைப்பு வலது தோளுக்குப் போய்விட்டது! இது எங்களுக்குத் தெரியவில்லை. வீட்டில் காட்டியபோது என் அம்மம்மாதான் சொன்னார், "உந்த மனுசி ஏன் இந்தப் பக்கம் சீலை உடுத்திருக்கிறா?" என்று. அந்த எட்டுப் படத்தையும் கையாலேயே திரும்ப வரைந்தோம். மொத்தம் 128.

இதுவரை சொன்னதெல்லாம் உழைப்பால் தீர்ந்தவை. தீராத ஒன்று இருந்தது. அந்த ஈமக்குழியில் புதைக்கப்பட்டவர். எலும்புகள் கிடைத்தன. அவர் உயிரோடு நடந்த நாளில் என்ன உடுத்தினார், முடியை எப்படிக் கட்டினார், முகம் எப்படி? சொல்ல எங்களிடம் ஆதாரம் ஒன்றும் இல்லை. ஆனால் வரைகிறவர் கை நிற்க முடியாதே. எழுதுகிறவர் 'தெரியவில்லை' என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டுப் போகலாம். படத்தில் ஒரு மனிதருக்கு ஏதாவது ஒரு முகம் போட்டே ஆக வேண்டும். கிரீடமும் நகையும் போட்டு ராசாவாக்குவோம் என்று ஒருவர் சொன்னார், பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றார். இரண்டு கிழமை இதையே கதைத்தோம், சண்டையும் பிடித்தோம். எனக்குப் பயமாக இருந்தது. தரம் 6 பிள்ளை இங்கே பார்க்கிற கிரீடத்தை வளர்ந்த பிறகும் மறக்காது. அருங்காட்சியகத்துக்குள் பார்த்தது என்பதால் கேள்வி கேட்காமல் நம்பும்.

வழி ஒட்டிய பானைகளில் கிடைத்தது. உடைந்த பானையைச் சேர்க்கிறவர்கள் காணாமல் போன துண்டின் இடத்தைச் சாந்தால் நிரப்புவார்கள். அந்தச் சாந்தின் நிறத்தைப் பானையின் நிறத்தோடு முழுக்க ஒத்துப்போக விடமாட்டார்கள். எது பழையது, எது நாங்கள் சேர்த்தது என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும். அதையே விளையாட்டுக்கும் விதியாக்கினோம். மண்ணிலிருந்து கிடைத்தவற்றுக்கு முழு நிறம். ஊகித்தவற்றுக்கு வெறும் கோடு. அந்த மனிதர் கோட்டுருவமாக எழுந்து நடப்பார், முகம் இல்லை. பக்கத்தில் பானையும் முத்திரையும் நிறத்தோடு இருக்கும். முத்திரையைத் திரையில் பெரிதாகக் காட்டுவதால் அதைப் பெரிய கல்வெட்டு என்று நினைத்துவிடுவார்கள் என்று, அருகில் ஒரு விரலையும் வரைந்தோம்.

முடிக்காத பதிப்பைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கு விளையாடக் கொடுத்தோம். ஒரு சின்னவன் கோட்டு மனிதரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். "அண்ணா, இவருக்கு நிறம் அடிக்க மறந்துபோனீங்களோ?" என்று கேட்டான். இல்லை, அவர் எப்படி இருந்தார் என்று இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "அப்ப இன்னும் தோண்ட வேணும்" என்றுவிட்டு, மறுபடி தூரிகையை எடுத்து மண்ணை விலக்கத் தொடங்கினான்.

நன்றி, வணக்கம்.