எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் புற்றுநோய் போய்விடுமா?

வணக்கம். வாய்ப்புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் தன் அப்பாவுக்காகச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கிருமிகளைக் கொல்லும் எதிர்ப்புச் சக்தி புற்றுநோயை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது? கஷாயம் கொடுத்து அதைக் கூட்டலாமா?" படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

கிருமி தொற்றிய செல்களையும் புற்றுச் செல்களையும் தேடிக் கொல்லும் வெள்ளை அணுக்களுக்கு டி செல்கள் என்று பெயர். பல புற்றுக்கட்டிகளை நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளேயே டி செல்கள் திரண்டு கிடக்கும். வந்து சேர்ந்தும் அடிக்காமல் நிற்கின்றன. பலம் போதாததால் அல்ல சகோதரி, பிரேக் விழுந்திருக்கிறது.

அந்தப் பிரேக் நம் உடம்பே வைத்தது. டி செல்லின் மேல் பிடி-1 என்றொரு புரதம் இருக்கிறது. ஜப்பானின் கியோட்டோவில் தாசுக்கு ஹோன்ஜோ என்ற விஞ்ஞானியின் குழு 1992-இல் அதைக் கண்டறிந்தது. அந்த வழியில் வந்த ஆய்வுகளுக்காக 2018-இல் அவருக்கு நோபல் பரிசு. எதிரே இருக்கும் செல் பிடி-எல்1 என்ற புரதத்தால் அதைத் தொட்டால் டி செல் தாக்குதலை நிறுத்திவிடும். நம் சொந்த உறுப்புகள் அடிபடாமல் இருக்க இந்த ஏற்பாடு வேண்டும். புற்றுச் செல் அதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. டி செல் தாக்கும்போது இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும். அது பட்டதும் புற்றுச் செல் பிடி-எல்1-ஐ இன்னும் அதிகமாக உற்பத்தி செய்கிறது. அடிக்கிற அடியே எதிரிக்குக் கவசமாகிவிடுகிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீராத இடம் இது.

நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் பிடி-1 மீது போய் உட்கார்ந்துகொள்கின்றன. புற்றுச் செல்லை அவை தொடுவதே இல்லை. பிரேக்கை விடுவிக்கின்றன, அவ்வளவுதான். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015-இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் மூளைவரை பரவியிருந்தது. அறுவை, கதிர்வீச்சோடு பெம்ப்ரோலிசுமாபும் கொடுத்தார்கள். 100 வயதுவரை வாழ்ந்தார். எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை. சில கட்டிகள் டி செல்லின் கண்ணிலேயே படாதபடி தம் அடையாளப் புரதங்களை மறைத்துவிடுகின்றன. அங்கே பிரேக்கை எடுத்தும் பயன் குறைவு.

எந்தக் கஷாயமும் இந்தப் பிரேக்கை விடுவிப்பதாக நிரூபணம் இல்லை. மருத்துவருக்குத் தெரியாமல் எதையும் கொடுக்காதீர்கள். மருந்தால் விடுவித்தாலும் குடல், நுரையீரல், தைராய்டு அடிபடலாம். வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ வந்தால் அன்றைக்கே சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்று நான் நினைக்கும் கேள்வி வேறு: இதை வாங்க நம்மால் முடியுமா? வழக்கமான அளவில் நிவோலுமாப் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத விலை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையினர் துணிந்து ஓர் ஆய்வு செய்தார்கள். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் முற்றி, குணப்படுத்தும் கட்டத்தைத் தாண்டிய 151 பேர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு விலை குறைந்த மாத்திரைகள் மட்டும். மற்றவர்களுக்கு அவற்றோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப். வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம் கொடுப்பார்கள். ஓராண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 16 பேர், நிவோலுமாபும் பெற்றவர்களில் 43 பேர். அப்பாவின் நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று உங்கள் கேள்வியில் இல்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, குறைந்த அளவு நிவோலுமாப் அவருக்குப் பொருந்துமா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.